நாலு பங்குக் கிணறும் இருபத்தாறு மைலும்

1

இந்தக் கதை ஒரு கால அட்டவணையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான் மூன்று வருடம் ஒரு குளிர்களஞ்சியத்தில் இரவுக் காவல் வேலை பார்த்தேன். காலையில் வேலை முடிந்ததும் ஓடுவேன். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நித்திரை வராது, அவ்வளவுதான். பிறகு மரதன், அதாவது இருபத்தாறு மைல் ஓட்டம், ஓடிப் பார்ப்போம் என்று ஓர் எண்ணம் வந்தது. பதினாறு கிழமைக்கான, கிட்டத்தட்ட நாலு மாதத்துக்கான, பயிற்சி அட்டவணை ஒன்றைத் தேடி எடுத்தேன். அதன் அடியில் ஒரு வரி இருந்தது: இடையில் இரண்டு மூன்று சிறிய போட்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை போட்டவருக்கு அது ஒரு வரி. எனக்கு அது ஒவ்வொரு தடவையும் ஓர் ஆளின் முன்னால் போய் நின்று, "வெள்ளிக்கிழமை என்னுடைய வேலையை நீங்கள் பார்ப்பீர்களா" என்று கேட்பது. அந்த ஆளின் பெயர் செபநாயகம். சிறிய போட்டிகளுக்கெல்லாம் பார்த்தார். பெரிய ஓட்டத்துக்கு நான் கேட்காமலே பார்த்தார். நான் பத்தொன்பதாம் மைலில் ஓட்டத்தை விட்டுவிட்டு ஒரு தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தேன். அடுத்த மாதம் வேலையையும் விட்டேன்.

அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் பிரியாவிடை வைபவத்தில் வாசிப்பது போல இருந்தது. ஆகவே கதை எழுதுகிறேன். இன்றைய கதையாக எழுதினால் அவர் தன்னைக் கண்டுபிடித்துக் கூச்சப்படுவார். அதனால் 1938க்குப் போகிறேன். அங்கே எங்கள் இருவரையும் எவருக்கும் தெரியாது.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"கீழ்வானம் சிவக்க, புத்தூர்ப் புகையிலைத் தோட்டங்களின் மேல் பனி மெல்லக் கலைய, பஞ்சலிங்கம் தன்னுடைய —"

தன்னுடைய எதை? காலையா, கனவையா? அப்படியே விட்டுவிட்டேன். இரண்டாவது வரைவு:

"பஞ்சலிங்கம் ஓடுவதற்கென்றே பிறந்தவன்."

பொய். அவன் இரண்டாயிரம் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைப்பதற்கென்று பிறந்தவன். மூன்றாவது வரைவு கீழே. இதையே வைத்துக்கொள்கிறேன்.

புத்தூர்ப் பஞ்சலிங்கத்துக்கு இருபத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஐந்து வருடமும் விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தான். ஐந்து வருடமும் அன்றைக்குத் தோட்டத்தில் இறைப்பு. இறைப்பு இல்லாத வருடம் புல்லுப் பிடுங்கல். அவனுடைய பெயரை மைதானத்தில் கூப்பிட்டார்கள் என்று மற்றப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். கூப்பிட்டபோது அவன் அங்கே இருந்ததே இல்லை.

1937ஆம் ஆண்டு கடைசியில், பட்டினத்து வாலிபர் சங்கம் ஒன்று துண்டுப் பிரசுரம் போட்டது. வருகிற மார்ச் 26, சனிக்கிழமை, மரதன் ஓட்டம். மானிப்பாயில் தொடங்கி, யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வந்து, கோப்பாய், நீர்வேலி, புத்தூர், வல்லை வெளி தாண்டிப் பருத்தித்துறைக் கடற்கரையில் முடியும். இருபத்தாறு மைலும் சொச்சமும். இந்த ஒரு தடவை மட்டுமே என்றும் அடியில் போட்டிருந்தது.

[அப்படி ஓர் ஓட்டம் நடந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. நானே வைத்தேன். தூரத்தை வரைபடத்தில் நூல் வைத்து அளந்தேன். அரை மைல் கூடக்குறைய இருக்கலாம். ஓடப்போவது நீங்கள் அல்ல.]

பஞ்சலிங்கம் பெயர் கொடுத்தான். இந்த முறை கூப்பிடும்போது அங்கே நிற்கவேண்டும், கடைசிவரை ஓடவேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

3

கிணற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒரு கிணறு, நாலு பங்கு. நாலு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் இறைப்பு நாள். முதல் நாள் பஞ்சலிங்கம். இரண்டாம் நாள் குணலட்சுமி. புருஷனை இழந்தவள், அவளுடைய நாளிலும் துலா மிதிப்பது பஞ்சலிங்கம்தான். மூன்றாம் நாள் பொன்னம்பலம். அறுபதை நெருங்கிவிட்டார், மகன் மிதிப்பான். நாலாம் நாள் முத்துக்குமாரு. பஞ்சலிங்கத்தின் மனைவி நல்லம்மாவுக்குத் தமையன். ஐந்தாம் நாள் திரும்பவும் பஞ்சலிங்கம்.

துலா என்பது உயரத்தில் ஒரு தூணின் மேல் குறுக்கே பூட்டிய நீண்ட மரம். ஒருவர் அதன்மேல் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால், கயிற்றில் தொங்கும் பட்டை என்ற ஓலை வாளி தண்ணீருக்குள் இறங்கும். மற்றப் பக்கம் நடந்தால் நிரம்பி மேலே வரும். கீழே நிற்பவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று தண்ணீரைப் பாத்தி பாத்தியாகத் திருப்புவார். பஞ்சலிங்கத்தின் நாளில் அது நல்லம்மா. பட்டை பிடிக்க ஊரில் எவரும் கிடைப்பார். துலாவில் நடக்க எல்லோராலும் முடியாது. விழுந்தால் ஒரு பக்கம் கிணறு, மற்றப் பக்கம் கல்.

நாள் மாறிக்கொள்ளலாம். ஆனால் மாறினால் இரண்டு பேருடைய கன்றும் ஒருமுறை ஒரு நாளாவது கூடக் காயும். அதனால் அந்தக் கிணற்றில் ஒரு வழக்கம்: ஒரு போகத்துக்கு ஒரு பங்காளரிடம் ஒருமுறைதான் நாள் கேட்கலாம். இரண்டாம் முறை கேட்பவரை எவரும் அடிக்கமாட்டார்கள். "ஓம்" என்றும் சொல்லமாட்டார்கள்.

4

அட்டவணை போட்டவன் ஐசாக். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஐந்தாம் வகுப்பு வரை பஞ்சலிங்கத்தோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தவன். இப்போது அவனிடம் ஒரு சைக்கிளும் ஒரு கைக்கடிகாரமும் இங்கிலாந்திலிருந்து வந்த பழைய சஞ்சிகை ஒன்றும் இருந்தன. அந்தச் சஞ்சிகையில் மரதன் பயிற்சி பற்றி ஒரு கட்டுரை.

"மூண்டு சின்னப் பந்தயம் வைப்பம்," என்றான் ஐசாக். "நாலு கிழமைக்கு ஒண்டு. முதல் ஒரு மைல், பேந்து மூண்டு, பேந்து ஆறு. பந்தயம் வாற கிழமை நெடுந்தூரத்தைக் குறைக்கிறாய். முடிஞ்சாப் பிறகு, எத்தினை மைல் பந்தயமோ அத்தினை நாள் ஆறுதலா ஓடுறாய்."

"நான் இருபத்தாறு மைல் ஓடப்போறவன். ஒரு மைல் ஓடி என்னத்துக்கு?"

"ஆக்களோடை ஓடிப் பழக. தனிய ஓடேக்கை நீ நல்ல பிள்ளை. பக்கத்திலை ஒருத்தன் வந்தா நீ ஆரெண்டு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

இது நல்ல பதில். சிறிய போட்டி எதற்கு என்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். வேகம் கூடும், மூச்சு அடங்கும் என்றார்கள். உண்மைதான். ஆனால் உன்னோடு பக்கத்தில் ஓடுகிறவனைப் போகவிடத் தெரியுமா என்று பார்க்கத்தான் சிறிய போட்டி. பெரிய ஓட்டத்தில் அதைக் கற்றுக்கொள்ளப் போனால் பத்தொன்பதாம் மைலில் தேத்தண்ணிக் கடை.

அந்த நாட்களில் கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை என்று பல இடங்களில் விளையாட்டு விழா. ஐசாக் எல்லாவற்றையும் எழுதி, சரியாக நாலாம் கிழமைகளில் வந்தவற்றை மட்டும் பொறுக்கினான். ஜனவரி 1, ஜனவரி 29, பெப்ரவரி 26. பிறகு மார்ச் 26. கோடு போட்டுக் கட்டம் கட்டமாக எழுதியபோது அது மிக வடிவாக இருந்தது. அந்த வடிவில்தான் பிழை இருந்தது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதென்றால் தயவுசெய்து ஐசாக்குக்குச் சொல்லவேண்டாம்.

அட்டவணையில் ஓய்வு நாள்களும் இருந்தன. மூன்றாம் கிழமை ஐசாக் சைக்கிளில் வந்து, "கால் ஏன் உப்பிடி இறுகிக் கிடக்கு? ஓய்வு எடுக்கேல்லையோ?" என்று கேட்டான்.

"எடுத்தனான்."

"என்ன செய்தனீ?"

"துலா மிதிச்சன்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு மணி துவக்கம் பத்தரை மட்டும். அடுத்த நாள் குணமக்காவின்ரை துலா."

ஐசாக் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு குச்சியால் நிலத்தில் பெருக்கிப் பார்த்தான். துலாவில் நடந்த தூரம் ஐந்து மைலுக்குக் கிட்ட வந்தது. "அந்தரத்திலை அஞ்சு மைல்," என்றான். "உதுக்குப் பேர் ஓய்வோ?"

"நான் ஓடேல்லையே," என்றான் பஞ்சலிங்கம்.

5

மூன்று போட்டிகளையும் நான் முதலில் மூன்று அத்தியாயங்களாக எழுதினேன். சுருக்குகிறேன்.

ஜனவரி 1. மிஷன் மைதானம், ஒரு மைல். அன்று பஞ்சலிங்கத்தின் இறைப்பு நாள். குணலட்சுமியிடம் நாள் கேட்டான். அன்று அவளுக்காகப் பொன்னம்பலத்தின் மகன் துலாவில் ஏறுவதாகப் பேச்சு.

"எடு தம்பி," என்றாள் அவள். "என்ரை துலாவிலையும் நீதானே நிக்கிறனீ. இல்லையெண்டு சொன்னா மேலை நிண்டு ஒவ்வொரு நடைக்கும் என்னைப் பாப்பாய். எனக்கேன் அந்தக் கரைச்சல்?"

முக்கால் வேகத்தில் ஓடு என்று ஐசாக் சொல்லியிருந்தான். பஞ்சலிங்கம் முதலாவதாக வந்தான். பரிசு ஒரு கறுப்புக் குடை.

"ஆர் உன்னை வெல்லச் சொன்னது?"

"அவன் எனக்கு முன்னாலை போனான்."

"போகட்டன்!"

"எப்பிடிப் போக விடுறது? சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அடுத்த கிழமை ஓடவேண்டிய பன்னிரண்டு மைலும் போயிற்று. ஒரு மைல் ஓட்டம் பன்னிரண்டு மைலைத் தின்றது.

ஜனவரி 29. உடுவில், தேவாலய அறுவடை விற்பனையன்று, மூன்று மைல். அதுவும் இறைப்பு நாள். பொன்னம்பலம் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு கேட்டார்:

"எத்தினை மைல்?"

"மூண்டு, அண்ணை."

"நடந்து போட்டு வரலாமே."

"ஓட வேணும்."

"அப்ப கெதியா முடிஞ்சிடும். எடு நாளை."

இந்த முறை பஞ்சலிங்கம் சொன்னபடி ஓடினான். முதல் மைலில் பத்துப் பேர் அவனைத் தாண்டினார்கள். ஒருவர் அரைக்காற்சட்டை போட்ட பாட்டு வாத்தியார். பஞ்சலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் போகவிட்டான். அவன் வாழ்க்கையில் செய்த கடினமான வேலைகளில் அது ஒன்று. நாலாவதாக வந்தான். பாட்டு வாத்தியார் ஆறாவது. அடுத்த கிழமை பதினாலு மைல் ஓடினான், கால் வலிக்கவில்லை.

முத்துக்குமாரு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், இந்த முறை குடை இல்லையோ?"

"நாலாவது."

"நாலாவதா வரவோ என்ரை தங்கச்சியை ஆறு நாள் காய்ஞ்ச பாத்திக்குள்ளை நிக்க வைச்சனீ? நாலாவதா வர வீட்டிலை இருந்தே வரலாமே!"

பெப்ரவரி 26. மயிலிட்டித் துறையிலிருந்து கடற்கரை றோட்டால் காங்கேசன்துறை போய்த் திரும்பி, ஆறு மைல். திரும்பவும் இறைப்பு நாள். முத்துக்குமாரு, அவன் கேட்பதற்கு முன்பே வந்துவிட்டான்.

"என்ரை நாளை எடு. கேக்க வந்து வாசலிலை நிண்டு நெளியாதை. பாக்க ஏலாது."

"மச்சான் —"

"போ, போ. இந்த முறையாவது ஒரு குடையோடை வா. வெயில் கூடிப்போச்சு."

அந்த ஆறு மைலில் பஞ்சலிங்கம் மூன்று விஷயம் பழகினான். ஓடியபடியே தண்ணீர் குடிப்பது. முன்னால் போகிறவனின் முதுகைப் பார்க்காமல் றோட்டைப் பார்ப்பது. கடல் காற்று முகத்தில் அடிக்கும்போது சண்டை பிடிக்காமல் குனிந்து போவது. போன பாதியைவிட வந்த பாதியை இரண்டு நிமிடம் குறைவாக ஓடினான். ஐசாக் கடிகாரத்தை இரண்டு தரம் காதில் வைத்துப் பார்த்தான், நின்றுவிட்டதோ என்று.

6

இங்கே நான் முத்துக்குமாருவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவனை நான் கெட்டவனாகத்தான் தொடங்கினேன். கதைக்கு ஒரு கெட்டவன் தேவை என்று நினைத்தேன். ஒரு காட்சியும் எழுதினேன்: பஞ்சலிங்கம் ஓடப் போயிருக்கும்போது முத்துக்குமாரு வாய்க்காலை —

இல்லை. அந்தக் காட்சி போய்விட்டது. வாயைத் திறந்தால் நக்கல்தான். ஆனால் கேட்குமுன் நாளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவனை வைத்து நான் என்ன கெடுதல் செய்விப்பது?

பஞ்சலிங்கம் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. அவனுக்கு என்றில்லை, மூவருக்கும் சொல்லவில்லை. நன்றி என்ற சொல்லை அவன் கூட்டங்களின் முடிவில், நன்றியுரை என்று, ஒருவர் எழுந்து கடதாசியைப் பார்த்து வாசிப்பதாகத்தான் கேட்டிருக்கிறான். வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னால் எதிரே நிற்பவர் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் பொன்னம்பலத்தின் வாய்க்காலில் புல்லு இல்லாமல் போயிற்று. யார் பிடுங்கியது என்று அவரும் கேட்கவில்லை. குணலட்சுமியின் துலாவில் இற்றுப்போயிருந்த கயிறு ஒருநாள் புதுக் கயிறாக இருந்தது. [துலா ஒன்றுதான், நாலு பேருக்கும் பொது. கயிறும் பட்டையும் அவரவருடையது. முன்பே சொல்லியிருக்கவேண்டும்.] முத்துக்குமாருவுக்கு என்ன செய்வது என்று பஞ்சலிங்கத்துக்குத் தெரியவில்லை. குடையைக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தான். அடுத்த நாள் குடை இவன் வாசலில் இருந்தது.

7

பிழையைக் கண்டுபிடித்தது நல்லம்மா. மார்ச் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், ஐசாக் வந்திருந்தபோது கேட்டாள்.

"வாத்தியார், ஒண்டு கேப்பன், குறை நினைக்கக் கூடாது. உங்கடை பந்தயமெல்லாம் ஏன் எங்கடை இறைப்பு நாளிலையே வருது?"

"தற்செயல்தான், அக்கா."

"மூண்டு தரமோ?"

ஐசாக் அட்டவணையை எடுத்தான். பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு அசையவில்லை.

"என்னடா?" என்றான் பஞ்சலிங்கம்.

"நாலு கிழமை எண்டா இருபத்தெட்டு நாள். உன்ரை இறைப்பு நாலு நாளுக்கு ஒருக்கா. இருபத்தெட்டு நாலாலை மீதியில்லாமல் பிரியும்."

"அப்ப?"

"அப்ப ஒரு பந்தயம் இறைப்பு நாளிலை விழுந்தா எல்லாம் விழும்."

"மார்ச் இருபத்தாறும்?"

"ஓம்."

பஞ்சலிங்கம் அட்டவணையை வாங்கிப் பார்த்தான்.

"நீ கணக்கு வாத்தியார்," என்றான் பஞ்சலிங்கம்.

"ஓம்."

"உனக்கு இது தெரியேல்லையே?"

"எனக்குக் கிணறு இல்லையே," என்றான் ஐசாக்.

மூன்று பங்காளர், மூன்று சிறிய பந்தயம், மூன்று நாளும் கேட்டாயிற்று. நாலாவதாகக் கேட்க ஆள் இல்லை. பங்குனி வெயிலில் வெட்டுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஓர் இறைப்புத் தவறினால் இலை மெலிந்துபோகும். மெலிந்த இலையைச் சுருட்டுக்காரர் கையாலும் தொடமாட்டார். ஒரு வருடச் சீவியம் அந்த இலையில் இருந்தது. ஓடிவிட்டு வந்து பின்னேரம் இறைக்கலாமா? பின்னேரம் கிணற்றை வற்றவைத்தால் அடுத்த நாள் குணலட்சுமிக்கு ஊறாது. வேறு ஆளைப் பிடிக்கலாமா? பங்குனியில் துலா மிதிக்கத் தெரிந்த ஒவ்வொருவனும் ஏதோ ஒரு துலாவில் நிற்பான், பொன்னம்பலத்தின் மகனும். முத்துக்குமாருவுக்குச் சிறுப்பிட்டியில் இன்னொரு தோட்டம்; அங்கே அன்று அவனுடைய இறைப்பு.

அந்தச் சின்னப் பந்தயங்களை விட்டிருந்தால் பெரிய நாளுக்கு ஒருவரிடம் கேட்டிருக்கலாம். அவற்றை ஓடாமல் இருந்திருந்தால் பெரியதை ஓடவே தெரிந்திராது. இதற்கு நான் தீர்வு தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

8

"நான் மிதிக்கிறன்," என்றான் ஐசாக்.

"விசரே உனக்கு?"

"பிழை என்ரை. மூண்டு கிழமை இருக்கு. பழகுவன்."

முத்துக்குமாருவின் இறைப்பு முடிந்து வெறுமனே நின்ற துலாவில், ஒரு பின்னேரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐசாக் ஏறினான். நாலு அடி நடந்தான். துலா கிணற்றுப் பக்கம் சாயத் தொடங்கியது. ஐசாக் அப்படியே குந்தி, மரத்தைக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"எழும்பு!" என்று கத்தினான் பஞ்சலிங்கம்.

"மாட்டன்."

"பின்னாலை வா!"

"பின் எது?"

முத்துக்குமாரு கிணற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "வாத்தியார்," என்றான், "மேலை இருந்து செபம் பண்ணினா கெதியாக் கேக்குமோ?"

"மச்சான், பகிடி விடாமல் இறக்கு!"

முத்துக்குமாரு மேலே ஏறி, ஐசாக்கின் தோளைப் பிடித்து, குழந்தையை நடத்துவது போல ஒவ்வோர் அடியாகப் பின்னால் கொண்டுவந்தான். "கீழை பாக்காதை. கிணறு இல்லையெண்டு நினை. காலை வை. அடுத்த கால். ஓம். இனி அந்தக் கால்." கீழே வந்ததும் ஐசாக் நிலத்தில் மல்லாந்து கிடந்தான். முத்துக்குமாரு அவனுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்தான்.

"நாளைக்கும் வாறன்," என்றான் ஐசாக் வானத்தைப் பார்த்து.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். எட்டு அடி வரை நடந்தான் என்று கேள்வி. நான் அங்கே நிற்கவில்லை. அந்தக் காட்சியை எழுதவில்லை.

9

முடிவுகள். நாலு எழுதினேன்.

(அ) பஞ்சலிங்கம் ஓடவில்லை. அன்று காலை துலாவில் நிற்கிறான். றோட்டால் மற்றவர்கள் ஓடிப்போகிறார்கள். அவன் பார்க்கிறான். வாசகர் அழுவார். எனக்கு இது பிடிக்கவில்லை. ஐந்து வருடம் பள்ளிக்கூடத்தில் செய்ததைத் திரும்பவும் செய்யவைக்க நான் எதற்கு?

(ஆ) மகன் வேறொரு துலாவில் நிற்பதால் பொன்னம்பலம் தானே ஏறுகிறார். விழுகிறார். இதை எழுதிய அன்று எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

(இ) நல்லம்மா ஏறுகிறாள். பெண்கள் துலாவில் ஏறி அந்த ஊர் பார்த்ததில்லை. ஏறி —

இதை இரண்டு நாள் வைத்திருந்தேன். நல்ல முடிவு. ஆனால் கைதட்டல் அவளுக்கு வராது, எனக்கு வரும். அதோடு தண்ணீர் திருப்ப ஆள் இல்லாமல் போகும். [இந்த இரண்டாவது காரணம் உண்மையானது. முதலாவது காரணத்தை நான் அலங்காரத்துக்குச் சொன்னேன்.]

(ஈ) முழு ஊரும் கூடி இறைக்கிறது. இல்லை. பங்குனியில் முழு ஊருக்கும் வேலை இருக்கிறது.

கிழித்த பிறகு ஒன்று விளங்கியது. எந்த முடிவிலும் எவரோ ஒருவர் தன்னுடைய ஒன்றை விட்டுவிட்டு வந்தால்தான் பஞ்சலிங்கம் ஓடலாம். அதைச் சுற்றிப்போக வழி இல்லை. அவன் ஓடிய சிறிய ஓட்டம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒருவருடைய பாத்தி ஒரு நாள் கூடக் காய்ந்து கிடந்திருக்கிறது. அட்டவணையில் நாங்கள் மைலை மட்டும் எழுதுகிறோம்.

ஆகவே அவனை ஓடவிடுகிறேன்.

10

வெள்ளிக்கிழமை பின்னேரம், மானிப்பாய்க்குப் புறப்படவேண்டிய நேரம். பஞ்சலிங்கம் முற்றத்தில் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்சாருங்கோ, பஸ் போகப்போகுது," என்றாள் நல்லம்மா.

"நான் போகேல்லை."

"போங்கோ."

"துலா ஆர் மிதிக்கிறது?"

"அது நாளைக்கு உங்கடை அலுவல் இல்லை."

"ஆர் எண்டு சொல்லு."

"சொன்னா நீங்கள் போய் 'வேண்டாம்' எண்டு சொல்லிப்போட்டு வந்து இதிலை இருப்பியள்." மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாத்தினாள். "எனக்கு உங்களைத் தெரியும். போங்கோ."

அவன் போனான்.

விடியற்காலை ஐந்தரைக்கு மானிப்பாய்ச் சந்தியில் பெயர் கூப்பிட்டார்கள். "புத்தூர்ப் பஞ்சலிங்கம்." அவன் "ஓம்" என்றான். குரல் சரியாக வரவில்லை. இன்னொரு தரம் சொன்னான்.

முப்பத்திரண்டு பேர். முதல் மைலில் இருபது பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். போகவிட்டான். உடுவிலில் அந்தப் பாட்டு வாத்தியாரைப் போகவிட்ட கால்களுக்கு இப்போது அது கஷ்டமாக இல்லை. அது பொன்னம்பலத்தின் நாளில் கற்றது. பட்டினம் தாண்டி வெயில் முகத்தில் ஏறத் தொடங்கியபோது குனிந்து, றோட்டைப் பார்த்து ஓடினான். அது முத்துக்குமாருவின் நாளில் கற்றது. கோப்பாயில் ஒருவன் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்து வேகம் கூட்டினான். பஞ்சலிங்கத்தின் கெண்டைக்கால் ஒருமுறை துடித்தது, அவன் துரத்தவில்லை. அது குணலட்சுமியின் நாள்.

நீர்வேலிச் சந்தியில் ஐசாக் கடிகாரத்தோடும் தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடும் நிற்பதாகப் பேச்சு. அங்கே நின்றது ஐசாக்கின் மனைவி பியாட்றிஸ். கையில் அதே கடிகாரம்.

"எங்கை அவன்?"

"குடியுங்கோ."

"எங்கை போட்டான்?"

"ஓடுங்கோ, அண்ணை, நிக்காதேங்கோ! நீங்கள் எட்டாவது!"

ஓடியபடி குடித்தான். சிறுப்பிட்டியில் றோட்டோரம் முத்துக்குமாருவின் மற்றத் தோட்டம். துலா வானத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. தோட்டத்தில் ஆள் இல்லை.

பஞ்சலிங்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். 

புத்தூருக்கு வரும்போது ஏழே முக்கால் இருக்கும். பதினைந்தாம் மைல். ஆறாவதாக வந்துகொண்டிருந்தான். அவனுடைய தோட்டம் றோட்டிலிருந்து நூறு யார் உள்ளே. புகையிலைக்கு மேலால் துலாவின் தலை தெரியும். அது அசையாமல் நின்றிருந்தால் தோட்டத்துக்குப் போகும் ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவது என்று மானிப்பாயிலிருந்தே முடிவு செய்திருந்தான். எவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் இப்போதுதான் சொன்னான்.

வளைவுக்கு முன்பே சத்தம் கேட்டது. மரம் மரத்தில் உரசும் சத்தம். பிறகு பட்டை கவிழும் சத்தம். பிறகு திரும்பவும் மரம்.

சத்தம் சீராக இருந்ததா, தடுமாறி வந்ததா? அதை எழுதினால் மேலே நிற்பது யார் என்று தெரிந்துவிடும். நான் எழுதப்போவதில்லை.

அவன் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் ஆளைக் கண்டுவிடுவான். கண்டால் நிற்பான். நின்றால் ஒழுங்கைக்குள் போவான், போய் "இறங்கு, நான் மிதிக்கிறன்" என்பான். அவனை நல்லம்மாவுக்குத் தெரிந்த அளவு எனக்கும் இப்போது தெரியும். றோட்டைப் பார்த்தபடியே வலது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி, தோட்டத்தைத் தாண்டும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு ஓடினான். கை தூக்கிக்கொண்டு ஓடுவது மூச்சுக்கு நல்லதல்ல. ஐசாக்கின் அட்டவணையில் அது இல்லை.

முன்னால் வல்லை வெளி. மரமும் நிழலும் இல்லாத இடம். பருத்தித்துறைக்கு இன்னும் பதினொரு மைல். அதை அவன் பார்த்துக்கொள்வான்.

துலாவை உங்களிடம் விடுகிறேன். மேலே ஆளை நீங்கள் வையுங்கள். எட்டு அடி நடக்கப் பழகிய கணக்கு வாத்தியாரை வைக்கலாம். சிறுப்பிட்டியைக் காயவிட்டு வந்த மச்சானை வைக்கலாம். நான் நினைக்காத ஒருவரையும் வைக்கலாம். யாரை வைத்தாலும் கவனமாக வையுங்கள், காலைப் பார்த்து வையுங்கள். ஒரு பக்கம் கிணறு.

இறைப்பு முடிய இன்னும் மூன்று மணித்தியாலம் இருக்கிறது.